வலது பக்கத் தையல்

போடி சைக்கிள் குழுவில் இருக்கும் இருபத்தெட்டு ஆண்களின் இடுப்பளவும் சொர்ணலதாவுக்கு மனப்பாடம். குழுவின் சட்டைகளும், உட்காரும் இடத்தில் மெத்தை வைத்த டவுசர்களும் அவள் தைத்தவை. கடைத்தெருவில் இருபது வருடமாகத் தையல் கடை நடத்துகிறாள். பழைய ரவிக்கையை அளவுக்குக் கொண்டுவந்து நீட்டுகிற பெண்களைக்கூட நிற்கவைத்து டேப்பைப் பிடிப்பாள். "போன வருசம் இருந்த ஒடம்பா இப்ப இருக்கு? நில்லுங்க" என்பாள். அளக்காமல் அவள் கத்தரியை எடுத்ததே இல்லை. அப்படித்தான் அவள் நம்பிக்கொண்டிருந்தாள்.

நாற்பத்தோராவது வயதில் அவளே ஒரு பழைய ரோடு சைக்கிள் வாங்கினாள். வளைந்த கைப்பிடி, விரல் தடிமனில் டயர். டவுசரும் ஹெல்மெட்டுமாக அவள் கடைத்தெருவில் போனபோது டீக்கடையில் சிரித்தார்கள். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. அந்த டயரில் திரும்பிப் பார்த்தால் விழுந்துவிடுவோம் என்பதும் ஒரு காரணம்.

குழுவுக்கு வருடத்தில் ஒரு பெரிய பயணம் உண்டு. தைப் பொங்கலுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை போடியில் கிளம்பி, தேவாரம், கோம்பை, உத்தமபாளையம், கம்பம் வழியாக லோயர் கேம்ப் போய், அங்கிருந்து மலையேறிக் குமுளியைத் தொடவேண்டும். சென்ற ஆண்டு அவளும் போனாள். கோம்பை தாண்டியதும் வலது தொடையின் பின்பக்கம் எறும்பு ஊர்வதுபோல் ஆரம்பித்தது. கம்பத்தில் முழங்காலுக்குக் கீழே மரத்துப்போனது. மலைப்பாதையின் மூன்றாவது வளைவில் காலை ஊன்றப் போனவளுக்குத் தரை எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. விழுந்தாள். வாழைப்பழமும் தண்ணீர்க் கேனும் ஏற்றிவந்த வேனில் அவளையும் ஏற்றிக் குமுளிக்குக் கொண்டுபோனார்கள். அந்த வேன் பயணத்தை அவள் மறக்கவில்லை.

இந்த ஆண்டு கார்த்திகையில் குழுவின் செயலாளர் பாண்டியராஜன் கடைக்கு வந்தான். ஏலக்காய் வியாபாரி, அவளைவிட ஏழு வயது இளையவன்.

"அக்கா, இந்த வருசம் நீங்க கொடியசைச்சுத் தொடங்கி வையுங்க. எல்லாரும் சந்தோசப்படுவாக."

"அப்ப சைக்கிள்ல வர வேணாங்கிறீக."

"அப்படி இல்லக்கா. மலையில ஏதாச்சும் ஆச்சுன்னா குழுவுக்குத்தான் கெட்ட பேரு. கமிட்டியில பேசுனாக, பொம்பளைகளுக்குக் கம்பம் வரைக்கும் போதும்னு."

"விழுந்தது நான் ஒருத்தி. பொம்பளைகன்னு எல்லாரையும் எதுக்குத் தம்பி சேத்துக் கட்டுறீக? போன மாசம் ஒங்க மச்சான் தேவாரத்துல சைக்கிளச் சாக்கடைக்குள்ள விட்டாரே, அன்னைக்கு ஆம்பளைகளுக்குத் தேவாரம் வரைக்கும் போதும்னு யாரும் பேசலையா?"

அவன் சிரித்துச் சமாளித்தான். ஆனால் பயண நாளுக்குள் கால் சரியாகவேண்டும், இல்லாவிட்டால் கம்பத்தோடு சரி என்று சொல்லிவிட்டுப் போனான்.

முதலில் மருத்துவரிடம் போனாள். சர்க்கரை இல்லை என்று ரத்தப் பரிசோதனை சொன்னது. அவர் ஐந்து வைட்டமின் ஊசி எழுதினார். "இந்த வயசுல ஒங்களுக்கு எதுக்கும்மா சைக்கிள்?" என்றார். காலைத் தொட்டுப் பார்க்கவில்லை. எத்தனை தூரத்தில் ஆரம்பிக்கிறது, இறங்கினால் எவ்வளவு நேரத்தில் சரியாகிறது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. இதே காலோடு பாண்டியராஜன் போயிருந்தால் சீட்டின் உயரத்தைக் கேட்டிருப்பார்கள். பெண் போனால் அவள் வயதைக் கேட்கிறார்கள். நோயைத் தேட வேண்டிய இடத்தில் ஆளையே குற்றவாளியாக்கிவிட்டால் தேடும் வேலை மிச்சம்.

அடுத்து, கணவனின் அக்கா சந்தனம்மாள். குச்சனூர் சனீஸ்வரன் கோயில் வாசலில் எள் விளக்கு விற்பவள்.

"ஏத்தா லதா, ஒனக்கு ஏழரை நடக்குது. அவரு பிடிச்சா காலத்தான் பிடிப்பாரு."

"ரெண்டு காலையும்ல பிடிக்கணும் மதினி? வலது மட்டும் எதுக்கு?"

"சாமிகிட்டயே கேள்வி கேக்குறியா? ஒன் நாக்குலதான் சனி."

எத்தனையோ கோடி மைலுக்கு அப்பால் தன்பாட்டுக்குச் சுற்றுகிற ஒரு வாயு உருண்டைக்கு, போடியில் ஒரு தையல்காரியின் வலது காலை மட்டும் தேடிப் பிடிக்கும் வேலை எதற்கு? மதினியைச் சிரிக்கவைக்கத்தான் கேட்டாள். ஆனால் கேள்வி அவளை விடவில்லை. வலது மட்டும் எதற்கு?

வாடிக்கையாளர்களின் அளவு எழுதும் நோட்டில் முதன்முறையாகத் தன் பெயரை எழுதினாள். ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரே ஒரு மாற்றம், அதே பாதை, அதே வேகம். முதல் வாரம் ஷூ நாடாவைத் தளர்த்தினாள். கோம்பையில் ஆரம்பித்தது. இரண்டாவது வாரம் சீட்டை அரை விரல் இறக்கினாள். கோம்பை. மூன்றாவது வாரம் வேறு எதையும் தொடாமல், மதினியின் மனம் நோகாமல் இருக்க, சனிக்கிழமை குச்சனூரில் விளக்கேற்றிவிட்டு மறுநாள் ஓட்டினாள். நோட்டில் அதையும் ஒரு சோதனையாகவே எழுதினாள்: "விளக்கு. கோம்பை."

நான்காவது வாரம் மழை. துவைத்த டவுசர் காயவில்லை. மெத்தை இல்லாத பழைய டிராக் பேண்ட்டோடு கிளம்பினாள். கோம்பை போனது. உத்தமபாளையம் போனது. கம்பத்தில் இறங்கி நின்றபோது உட்கார்ந்த இடம் வலித்தது. ஆனால் வலது காலின் ஐந்து விரலும் உயிரோடு இருந்தன.

சந்தோஷப்பட வேண்டியவள் தெருவோரமாக நின்று டிராக் பேண்ட்டைக் குனிந்து பார்த்தாள். ஷூவைச் சந்தேகப்பட்டாள், சீட்டைச் சந்தேகப்பட்டாள், கிரகத்தைக்கூட ஒரு வாரம் சோதித்தாள். தன் தையலை மட்டும் சந்தேகப்படவில்லை.

மறுநாள் கடை திறக்குமுன் சீட்டு முழுக்கத் தையல் சாக்கட்டியைத் தூளாக்கிப் பூசினாள். கறுப்பு டவுசரைப் போட்டுக்கொண்டு சைக்கிளில் ஏறி, ஒரு கையால் சுவரைப் பிடித்து, சீட்டில் அழுந்தி உட்கார்ந்தாள். இறங்கிக் கண்ணாடிக்கு முதுகைக் காட்டினாள். வெள்ளைத் தூளில் இரண்டு வட்டம் அழுத்தமாகப் பதிந்திருந்தது. உட்காரும் எலும்புகள் அழுத்திய இடம். இரண்டும் மெத்தைமேல் இல்லை. மெத்தையின் ஓரத்தில், தையல்மேல் இருந்தன.

டவுசரைப் பிரித்தபோது மீதியும் விளங்கியது. மெத்தையைச் சுற்றித் தையல் ஆரம்பித்த இடமும் முடிந்த இடமும் வலது பக்கம். பிரியாமல் இருக்க அங்கே மேலும் இரண்டு முறை தையல் ஓட்டியிருந்தாள். அந்த இடம் கயிறுபோல் தடித்திருந்தது. மணிக்கணக்காக அதன்மேல் உட்கார்ந்தால் நரம்பு நசுங்காமல் என்ன செய்யும்?

அவள் மாதிரிக்கு வைத்துத் தைத்தது, பாண்டியராஜன் கோயம்புத்தூரில் வாங்கிவந்த டவுசரை. ஆண்களுக்கு எலும்பு நெருங்கியிருக்கும், அவர்களுக்கு அது மெத்தைக்குள் அடங்கும். பெண்ணுக்கு இடுப்பு அகலம். இருபது வருடமாகப் பெண்களின் இடுப்பை அளந்தவள், சைக்கிள் என்றதும் ஆண் உடம்பையே அளவு என்று எடுத்துக்கொண்டாள். அவள் மட்டுமா? மெத்தையை வடிவமைத்தவனும் கமிட்டியும் மருத்துவரும் அதே அளவு டவுசரைத்தான் நீட்டினார்கள். ஆனால் தைத்தது தன் கை. அதை அவள் மறைக்கவில்லை.

அன்று மாலையே நதியாவின் வீட்டுக்குப் போனாள். நதியா அரசு மருத்துவமனையில் செவிலியர். குழுவில் இருந்த இன்னொரு பெண், அவளுக்கும் அதே மாதிரி டவுசர்தான். மூட்டுவலி என்று சொல்லி ஆறு மாதமாகச் சைக்கிளைத் தொடவில்லை.

"நதியா, ஒனக்கு வலி மூட்டுலயா, இல்ல வலது கால் மரக்குதா?"

நதியா கதவைச் சாத்திவிட்டு வந்தாள். "யார்கிட்டக்கா சொல்ல? உக்கார்ற எடத்துல ஆரம்பிக்குதுன்னு கமிட்டியிலயா சொல்லச் சொல்றீக?"

"தப்பு என்னோடது. நான் ஒன்னை அளக்காமத் தச்சேன். எந்திரி, நில்லு."

மாவடைத்த பிளாஸ்டிக் பைமேல் இருவரும் உட்கார்ந்து எழுந்தார்கள். எலும்பு பதிந்த பள்ளத்துக்குப் பள்ளம் டேப்பை வைத்தாள். அந்த அளவுக்கு மெத்தையை அகலமாக வெட்டி, தையலை எலும்புக்கு மூன்று விரல் தள்ளிக் கொண்டுபோய், ஆரம்பத்தையும் முடிவையும் முன்பக்கம் மாற்றினாள். ஒரு தையலை நாலு முறை பிரித்துத் தைத்தாள்.

பயண நாள் காலை பாண்டியராஜன் கொடியை அவளிடம் நீட்டினான். வாங்கி அவன் கையிலேயே திணித்தாள்.

"நீங்களே அசைங்க தம்பி. போன வருசம் ஒங்க அளவு டவுசரப் போட்டுக்கிட்டுத்தான் கீழ விழுந்தேன். இன்னைக்கு என் அளவு."

"அக்கா, மெதுவாப் பேசுங்க!"

"இடுப்பளவச் சொல்லலையேன்னு சந்தோசப்படுங்க."

கோம்பையில் நதியா பக்கத்தில் வந்து கண்ணால் கேட்டாள். சொர்ணலதா ஷூவுக்குள் விரல்களை மடக்கிப் பார்த்துத் தலையசைத்தாள். கம்பத்தில் வேன்காரர் மெதுவாக அவள் பின்னாலேயே வந்தார். "முன்னால போங்கண்ணே, பழம் வெயில்ல கனிஞ்சிரும்" என்று அனுப்பிவிட்டாள். லோயர் கேம்ப்பில் மலைமேலிருந்து மின்நிலையத்துக்கு இறங்கும் பெரிய குழாய்களைப் பார்த்ததும் கியரைக் குறைத்தாள். முதல் வளைவு. இரண்டாவது. மூன்றாவது வளைவில் விழுந்த இடத்தின் தடுப்புச்சுவரைப் பார்த்தாள், மிதிப்பதை நிறுத்தவில்லை. முன்னால் போன ஆறு பேரில் இரண்டு பேரை அதற்குமேல்தான் தாண்டினாள்.

குமுளியில் எல்லாரும் கடைப்பக்கம் டீக்கு ஒதுங்கினார்கள். அவள் சாலையோரம் சைக்கிளைச் சாய்த்து, வலது ஷூவையும் சாக்ஸையும் கழற்றி, வெறுங்காலைச் சரளைமேல் வைத்து முழு உடம்பையும் அதில் ஊன்றினாள்.

"என்னக்கா, கால் வலிக்குதா?" என்று டீ கிளாஸோடு ஓடிவந்தான் பாண்டியராஜன்.

"கல்லு குத்துது தம்பி" என்றாள். முகமெல்லாம் சிரிப்பு. "நல்லாக் குத்துது."