மூன்றாம் மண்டபத்தில் ஆகார்

காலை 9.10. டோர்செட் பார்க்கில் பதினான்கு மாடிக் கட்டிடமொன்றின் வாசல். முதலில் கண்ணில் பட்டது, சாம்பல் நிற மேலங்கி ஒன்றின் கீழே இரண்டு அங்குலம் தெரிந்த பட்டுச்சேலைக் கரை. 1997 நவம்பர், ஒரு புதன்கிழமை. வெளியே மைனஸ் மூன்று பாகை. மேலங்கிக்குரிய சரஸ்வதி அன்ரியையும் சேர்த்துப் பன்னிரண்டு பேர் ஓவியக்கூடம் பார்க்கப் புறப்பட்டு நின்றார்கள். எல்லோரும் அந்தக் கட்டிடத்து முதியோர் சங்கத்தவர்கள். கொழும்பிலிருந்து மூன்று வார விடுமுறையில் வந்திருந்த நான் பதின்மூன்றாவது ஆள்.

அழைத்துப் போகிறவள் என் ஒன்றுவிட்ட தங்கை சாந்தினி. யாழ்ப்பாணத்தில் சித்திரம் படிப்பித்தவள். இங்கே எட்டு வருடமாகத் தொழிற்சாலையொன்றில் பெட்டி கட்டுகிறாள். ஓய்வு நாட்களில் நகரின் பெரிய ஓவியக்கூடத்தில் சம்பளமில்லாத வழிகாட்டி. தமிழில் ஒரு சுற்று நடத்த வேண்டுமென்று மூன்று தடவை எழுதிக் கேட்டு, இன்றைக்கு ஒரு பரீட்சைச் சுற்றுக் கிடைத்திருந்தது. ஆறு ஓவியங்கள், ஒவ்வொன்றுக்கும் ஐந்து நிமிடம். பொறுப்பதிகாரி பின்னால் நின்று பார்ப்பார். சரிவந்தால் மாதம் ஒரு தமிழ்ச் சுற்று. சரிவராவிட்டால் இதோடு முடிந்தது.

"அன்ரி, உள்ளுக்குப் படங்களைத் தொடக்கூடாது. தொட்டுக் கும்பிடவும் வேண்டாம்."

"கும்பிட உது என்ன நல்லூர்க் கோயிலே பிள்ளை?" என்றார் சரஸ்வதி அன்ரி.

43ஆம் இலக்க பஸ்ஸில் கென்னடி நிலையம். அங்கிருந்து சுரங்க ரயில். சென் ஜோர்ஜில் மாறி சென் பற்றிக். எனக்கு இரண்டு டொலர், முதியோருக்கு அதைவிடக் குறைவு.

ரயிலில் என் பக்கத்தில் ஹமீது நானா இருந்தார்; முஸ்லிம் மூத்தவர்களை நானா என்பது எங்கள் வழக்கம். வயது அறுபதை நெருங்கியிருக்கும். ஏழாம் மாடியில் தையல் மெஷின் வைத்திருக்கிறார்; கட்டிடத்துத் தமிழர்களின் மேலங்கிக் கைகளைக் கட்டையாக்கிக் கொடுப்பவர் அவர்தான். நம்மவர்கள் சந்தித்தால் பெயருக்கு முன்னர் ஊரைக் கேட்பார்கள். நானும் கேட்டேன்.

"புத்தளம்," என்றார். உப்பளங்களின் ஊர்.

"நானாவோட கதைச்சா உப்பும் கருவாடும்தான்," என்றார் எதிரே இருந்த நாகலிங்கம் அண்ணை. ஓய்வுபெற்ற தபாலதிபர்.

"அது பறவாயில்லை. நீங்கள் கதைக்கிறது முழுக்க ஆரின்ரையோ கடிதத்தில வாசிச்சதெல்லே," என்றார் நானா.

10.30க்குச் சுற்று தொடங்கியது. பொறுப்பதிகாரி ஐம்பது வயது மதிக்கத்தக்க வெள்ளைக்காரப் பெண். கையில் கோப்பு, தமிழ் தெரியாது. முதல் ஓவியம் பாதி உரித்த எலுமிச்சையும் வெள்ளித் தட்டும். வாழ்வு சொற்பம் என்பதற்கு அது அடையாளம் என்று சாந்தினி விளக்கினாள்.

"தேசிக்காயை உரிச்சு வைச்சா காஞ்சு போகுமெல்லே. ஒருநாளும் குசினிக்குள்ள போகாத மனுசன் கீறினது," என்றார் சரஸ்வதி அன்ரி.

ஐந்து நிமிடம். இரண்டாவது ஓவியத்துக்கு ஆறு.

மூன்றாம் மண்டபம், 10.45. ஒல்லாந்து ஓவியம், பதினேழாம் நூற்றாண்டு. வரைந்தவர் பெயர் உறுதியில்லை. தலைப்பாகை கட்டிய கிழவர் ஒரு கையை ஒரு பெண்ணின் தோளில் வைத்திருக்கிறார். மறு கை தெருவைக் காட்டுகிறது. பெண் கண்ணைத் துடைக்கிறாள். இடுப்பில் தண்ணீர்க் குடுவை, அருகில் அவள் மகன். மேலே யன்னலில் வயதான இன்னொரு பெண். பைபிளில் வரும் கதை. கிழவர் ஆபிரகாம், யன்னலில் நிற்பவள் அவர் மனைவி சாராள், அழுகிறவள் வேலைக்காரி ஆகார். பிள்ளையில்லாத சாராள் தானே ஆகாரைக் கணவனுக்குக் கொடுத்தாள். பின்னர் தனக்கும் ஒரு மகன் பிறந்ததும் அவளைத் துரத்தச் சொன்னாள். அந்தக் காலத்து ஒல்லாந்தர் இந்தக் காட்சியை விரும்பி வாங்கி வீட்டில் மாட்டினார்கள் என்றாள் சாந்தினி.

"அனுப்பிப்போட்டு யன்னலால எட்டிப் பாக்கிறா, பாருங்கோ," என்றார் சரஸ்வதி அன்ரி.

"கிழவன்ர முகத்தைப் பாருங்கோ. ரெண்டு பெண்டாட்டிக்காரன்ர முகம்," என்றார் நாகலிங்கம் அண்ணை. எல்லோரும் சிரிக்க, பொருள் தெரியாமலே பொறுப்பதிகாரியும் சேர்ந்து சிரித்தார்.

சாந்தினி அடுத்த மண்டபத்துக்குத் திரும்பினாள்.

"பிள்ளை, எங்கட கதையில யன்னலில ஆளில்லை," என்றார் ஹமீது நானா.

சொன்னார். அவர்கள் கதையில் ஆபிரகாம் இப்ராஹிம் நபி, ஆகார் ஹாஜரா. அவர் தாமே ஹாஜராவையும் பால்குடிப் பிள்ளையையும் ஆளில்லாத பாலையில் கொண்டுபோய் விட்டார். ஒரு பை பேரீச்சம்பழம், ஒரு தோற்பை தண்ணீர். பேசாமல் திரும்பி நடந்தார். "ஆரிட்ட எங்களை விட்டிட்டுப் போறியள் எண்டு பின்னால போய்க் கேட்டவ. பதிலில்லை. அல்லா சொன்னதோ எண்டு கேட்டவ. ஓம் எண்டார். அப்ப அவன் கைவிடமாட்டான் எண்டு நிண்டிட்டா." தண்ணீர் முடிந்ததும் தண்ணீர் தேடி இரண்டு குன்றுகளுக்கிடையில் ஏழு தரம் ஓடினாள். ஹஜ்ஜுக்குப் போகிறவர்கள் இன்றைக்கும் அந்த வழியில் ஏழு தரம் நடக்கிறார்கள்.

"பழமும் தண்ணியும் எண்டாலும் குடுத்தனுப்பினவர்," என்றார் நாகலிங்கம் அண்ணை.

"ஓம். எங்களுக்கு ரெண்டு மணித்தியாலம் தந்தவை."

"ஆருக்கு?"

"எங்களுக்கு. தொண்ணூறாம் ஆண்டு ஒக்ரோபர். யாழ்ப்பாணம் ஐஞ்சு சந்தியில எனக்குக் கடை இருந்தது."

அந்த ஒக்டோபரில் யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் அனைவரும் இரண்டு மணி நேரத்தில் ஊரைவிட்டு வெளியேறும்படி தமிழ்ப் போராளி இயக்கத்தால் கட்டளையிடப்பட்டார்கள். கொழும்புப் பத்திரிகையொன்றில் அந்தச் செய்தியைச் செம்மைப்படுத்தியவர்களில் நானும் ஒருவன். அதில் எண்ணிக்கை இருந்தது, பெயர் இல்லை.

"நானா, நீங்கள் புத்தளமெல்லே?" என்றார் சரஸ்வதி அன்ரி.

"நாலு வருசம் புத்தளத்தில முகாமில இருந்தனாங்கள். எந்த இடம் எண்டு கேட்டியள். கடைசியா இருந்த இடத்தைச் சொன்னன்."

பொறுப்பதிகாரி மணிக்கூட்டை விரலால் இரண்டு தரம் தட்டிக் காட்டினார். சாந்தினி அதைக் கண்டாள். நின்ற இடத்தை விட்டு அசையவில்லை.

"ஐஞ்சு சந்தியில ஆர்ர கடை? என்ர மூத்தவனுக்குப் பள்ளிக்கூடக் காற்சட்டை அங்கதான் தைக்கிறது. என்ர மனுசன்தான் கூட்டிக்கொண்டு போறவர்," என்றார் சரஸ்வதி அன்ரி.

"தெரியும் அன்ரி. இடுப்பை ரெண்டு தரம் பெருப்பிச்சுத் தந்தனான்."

மூன்று வருடமாக ஒரே லிஃப்டில் ஏறி இறங்குகிறவர்கள். "ஏன் சொல்லேல்லை?" என்று சரஸ்வதி அன்ரி கேட்டார்.

11.15க்கு அந்த மண்டபம் வேறொரு குழுவுக்கு; எங்கள் நேரமும் முடிந்திருந்தது. மூன்று ஓவியங்கள் பார்க்கப்படவில்லை. நானா என்ன சொன்னார் என்று பொறுப்பதிகாரி ஆங்கிலத்தில் கேட்டார். சாந்தினி இரண்டையும் சொன்னாள்: கதையையும் கடையையும். அதிகாரி ஒரு பக்கம் எழுதினார். முடிவைக் கடிதத்தில் அறிவிப்பதாகச் சொன்னார்.

"அடுத்த படத்துக்குப் போவம் எண்டு சொல்ல வாய் வரேல்லை அண்ணை," என்றாள் சாந்தினி ரயிலில் என்னிடம். எதிரே நாகலிங்கம் அண்ணை நானாவுக்குப் பக்கத்தில் இருந்து, ஐந்து சந்தியில் எந்தெந்தக் கடை யாருடையது என்று வரிசையாகக் கேட்டுக்கொண்டு வந்தார்.

நான் திரும்புவதற்கு முதல் நாள், மாலை 6.20க்கு, சாந்தினி கடிதத்தோடு வந்தாள். பெப்ரவரியிலிருந்து மாதம் ஒரு தமிழ்ச் சுற்று. ஒரு நிபந்தனை: வந்தவர்கள் கேள்வி கேட்கலாம், கதை சொல்வது பயிற்சி பெற்ற வழிகாட்டி மட்டும்.

"நானாட்டைச் சொன்னனியோ?"

"ஓம். பயிற்சிக்கு எங்க ஃபோம் எடுக்கிறதெண்டு கேட்டவர். கொண்டுபோய்க் குடுத்தனான்."

படிவம் எட்டுப் பக்கம். பயிற்சி பதினான்கு வாரம், முழுவதும் ஆங்கிலத்தில்.