மாறுகண் துப்பாக்கியும் என் கறுப்பு வட்டமும்

லாஸ்பேட்டை ஜெராக்ஸ் கடையின் பிரிண்டரிலிருந்து முதல் தாள் சூடாக வெளியே வந்தபோது இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன். கறுப்பு வட்டம், அதைச் சுற்றி ஒன்றுக்குள் ஒன்றாக வளையங்கள், நடுவே மிளகு அளவில் ஒரு வெள்ளைப் புள்ளி. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். கல்லூரிக் கம்ப்யூட்டரில், இலவசமாகக் கிடைத்த ஒரு மென்பொருளில் வட்டம் வரைந்து, நகலெடுத்து, சுருக்கி, ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கக் கற்றுக்கொண்டதை ஏதோ ராக்கெட் விட்டதுபோல நினைத்திருந்தேன். படித்த படிப்பு முதன்முதலாக வீட்டுக் காரியம் ஒன்றுக்கு ஆகப்போகிறது!

காரியம் அத்தையுடையது. மாமா போன பிறகு, ஏர்கன்னில் பலூன் சுடும் கடை போட்டுத்தான் அவள் பிழைத்தாள். உடைந்த பலூன் தோல் கடலுக்குப் போய் வலையில் சிக்குகிறது, மாசி மகத்துக்குப் பலூன் கூடாது என்று எங்கள் குப்பத்துப் பஞ்சாயத்தில் சொல்லிவிட்டார்கள். வருஷத்தில் அவள் நம்பியிருந்த கூட்டமே அதுதான். "பலூன் இல்லாம எதடா சுடுவான், என்னையா?" என்று கேட்டவளிடம் தாளை நீட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "தோசக்கல்லாட்டம் இருக்குது. சரி, ஒரு கட்டு அடிச்சிட்டு வா மருமவனே."

மாசி மகத்தன்று தீர்த்தவாரிக்குச் சாமிகள் கடற்கரையில் வந்து நிற்க, மணல் தெரியாத கூட்டம். பலகையில் துணி கிளிப் போட்டுத் தாள்களை மாட்டினோம். சுட்ட தாளைச் சுட்டவர் கையிலேயே கொடுத்துவிடலாம் என்பது என் யோசனை. அதுதான் வினையானது. உப்பளத்திலிருந்து வந்த பையன்கள் மாறி மாறிச் சுட்டும் ஒருவனுடைய குண்டுகூட வட்டத்தைத் தொடவில்லை. அவர்களில் சிவப்புச் சட்டைக்காரன் ஒருவன் தாள்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தான். எல்லார் ஓட்டையும் வலதுபக்கம் கீழே, ஒரே மூலையில்.

"யக்கா, துப்பாக்கிய வளைச்சு வெச்சு ஏமாத்துறியா?"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. பலூன்களை நெருக்கமாகக் கட்டியிருந்த காலத்தில், குறி வைத்தது தப்பினாலும் பக்கத்துப் பலூன் வெடிக்கும். சத்தம் வந்தால் போதும், யாரும் கேள்வி கேட்டதில்லை. உப்புக் காற்றில் துப்பாக்கிக் குழலின் நுனியில் குறி பார்க்கும் முள் துருப்பிடித்துக் கோணலாக இறுகிப்போயிருந்தது அத்தைக்கே தெரியாது. என் தாளில் அது அப்பட்டமாக விழுந்துவிட்டது. பஞ்சாயத்து ஆட்கள் இரண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள். ஏமாற்றுக்காரி என்று பேர் வந்துவிட்டால் அப்புறம் அந்தக் கரையில் அவளுக்கு இடம் கிடையாது.

அத்தை தாள்களை அவன் கையிலிருந்து வாங்கி ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பிறகு தலைக்குமேல் தூக்கிப் பிடித்து, மீன் ஏலம் விடுகிற குரலில் கூவினாள்:

"எல்லாம் பாருங்க, எந் துப்பாக்கிக்கு மாறுகண்ணு! இன்னிக்குத்தான் எனக்கே தெரிஞ்சுது. நேராச் சுடற துப்பாக்கியில எவன் வேணா அடிப்பான். இதுல நடுவுல அடிக்கிற ஆம்பள எவன்டா இருக்கான்?"

கூட்டம் சிரித்துவிட்டது. சிவப்புச் சட்டைக்காரனுக்கு ரோஷம். தன் தாளில் ஓட்டை எவ்வளவு தள்ளியிருக்கிறது என்று விரலால் அளந்தான். அதே அளவுக்கு வட்டத்தின் இடதுபக்கம் மேலே, வெறும் காகிதத்தைப் பார்த்துக் குறி வைத்தான். டப்! கறுப்புக்குள் ஓட்டை. கத்திய கத்தலில் மேளம்கூடக் கேட்கவில்லை. "ஏன், பொம்பள அடிச்சா ஆகாதா?" என்று மீன்கூடையை இறக்கி வைத்துவிட்டு ஒருத்தி வந்தாள். பஞ்சாயத்து ஆட்களும் வரிசையில் நின்றார்கள். தாள் தீர்ந்துபோய், நான் சைக்கிளில் லாஸ்பேட்டைக்குப் பறந்தேன். அப்படி ஒரு சந்தோஷத்தில் அதற்குமுன் நான் சைக்கிள் மிதித்ததில்லை.

இப்போது காலாப்பட்டில் ஒரு விளம்பரக் கடையில் கல்யாண பேனர் வடிவமைக்கிறேன். அத்தை மகன் புதுத் துப்பாக்கி வாங்கிக் கொடுத்திருக்கிறான். நேராகச் சுடுகிறதாம். இன்று காலை அத்தை போன் செய்தாள்.

"வர்றானுங்க, சுடுறானுங்க, போயிடறானுங்கடா. ஒரு கத்தல் இல்ல, ஒரு சண்ட இல்ல. நேராச் சுடற துப்பாக்கிக்குக் கோணலா ஒரு படம் போட்டுக் குடேன்."

பேனரை ஓரமாகத் தள்ளிவிட்டு கோணலாக நடக்கிற ஒரு நண்டை வரைந்துகொண்டிருக்கிறேன். குண்டு பட வேண்டிய கண்ணை எங்கே வைப்பது என்பதுதான் இன்னும் முடிவாகவில்லை.