சேவை இனித் தேவையில்லை

அப்பா இறந்து ஓராண்டு நெருங்கியபோது கல்லறைக்குக் கல் வைக்கும் பேச்சு வந்தது. அம்மா ஏற்கெனவே முடிவு செய்துவிட்டிருந்தாள். பெயர், பிறப்பு, இறப்பு, ஒரு வேத வசனம், அதற்குக் கீழே 'ராணுவ வீரர்' என்று ஒரு வரி. மைசூர் விஜயநகரில் எங்கள் வீட்டில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்த சித்தப்பா, அப்பாவின் ஒரே தம்பி, டம்ளரைக் கீழே வைத்தார்.

"அண்ணி, அந்தக் கடைசி வரி வேணாம்."

"ஏன் தம்பி?"

"அண்ணனை மிலிட்டரியில இருந்து அனுப்பிட்டாங்க. வெளியாளுக்குத் தெரியாது, சரி. எனக்குத் தெரியும் இல்ல? அதைப் போய் கல்லுல எழுதணுமா?"

அம்மா டம்ளர்களை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள். உள்ளே குழாய் ரொம்ப நேரம் ஓடிக்கொண்டிருந்தது.

எனக்கு அது புதிய செய்தி. அப்பா சின்ன வயதில் ராணுவத்தில் இருந்தார், பிறகு மைசூரில் ஒரு தொழிற்சாலையில் லேத் மெஷின் ஓட்டினார். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். முன்னாள் படைவீரர்கள் கூடும் விழாவுக்கு யாராவது கூப்பிட்டால், "கால் வலிக்குதுப்பா" என்று சொல்லித் தட்டிக்கழிப்பார். கூட்டம் பிடிக்காத மனிதர் என்றுதான் நினைத்திருந்தேன்.

அவருடைய டிஸ்சார்ஜ் புத்தகம் பீரோவில் வீட்டுப் பத்திரத்தோடு இருந்தது. யாரும் ஒளித்து வைக்கவில்லை, யாரும் படித்ததும் இல்லை. சித்தப்பா கிளம்பிய பிறகு எடுத்துப் பார்த்தேன். வெளியேறியதற்கான காரணம் என்ற இடத்தில் ஆங்கிலத்தில் தட்டச்சு செய்திருந்தது: இவருடைய சேவை இனித் தேவையில்லை. பக்கத்தில் ஒரு விதி எண், ரோமன் எழுத்தில் ஒரு உட்பிரிவு. நடத்தை: நன்று.

அம்மாவிடம் படித்துக் காட்டினேன். அவள் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள்.

"டிஸ்சார்ஜ்னுதானே போட்டிருக்கு? டிஸ்சார்ஜ்னா சரியாயிடுச்சு, வீட்டுக்குப் போலாம்னு அர்த்தம்" என்றாள்.

"அது ஆஸ்பத்திரியில அம்மா."

"எங்க இருந்தா என்ன, ஒரே வார்த்தைதானே?"

எனக்கும் அதுதான் பிரச்சினை. அதைவிடப் புத்தகத்தில் இருந்த தேதி என்னைக் குழப்பியது. அப்பா ராணுவத்தை விட்டு வெளியேறியதாக அதில் போட்டிருந்த வருடத்தில் நான் இரண்டாம் வகுப்பு படித்தேன். சைக்கிளின் முன் கம்பியில் துண்டை மடித்துப் போட்டு, என்னை உட்காரவைத்து, தினமும் பள்ளிக்கூடத்தில் விட்டவர் அப்பா. அதற்கும் முன்பே அவர் தொழிற்சாலையில் சேர்ந்துவிட்டார். லேத்தில் நின்ற மனிதர் அதே நேரத்தில் ராணுவத்தில் எப்படி இருந்திருக்க முடியும்? தேதி தப்பா, என் ஞாபகம் தப்பா? அம்மாவைக் கேட்டால், "வீட்லதான் இருந்தார், வேற எங்க இருப்பார்?" என்றாள்.

நான் ஒரு கல்லூரி நூலகத்தில் வேலை செய்கிறேன். கேட்டதைத் தேடி எடுத்துக் கொடுப்பதுதான் என் பிழைப்பு. ராணுவ விதிகளைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை, படிப்பதுதான் கஷ்டமாக இருந்தது. ஒரு நீளமான அட்டவணை. யாரை, என்ன காரணத்துக்காக, எந்த அதிகாரி வெளியே அனுப்பலாம் என்று கட்டம் கட்டமாக. ஒப்பந்தக் காலம் முடிந்தவர், உடல் தகுதி இழந்தவர், தானே கேட்டுக்கொண்டு போனவர். அப்பாவின் எண்ணைத் தேடிக்கொண்டு கீழே கீழே போனால், அது 'மற்ற எல்லா வகை வெளியேற்றங்களும்' என்ற கட்டத்தில் வந்து நின்றது. எங்கள் நூலகத்தில் எந்த வகையிலும் சேராத புத்தகங்களுக்கு ஒரு அலமாரி உண்டு. அதில் என்ன இருக்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது. அப்பா அந்த மாதிரி இடத்தில் இருந்தார். போதாததற்கு, அந்த விதி பலமுறை திருத்தப்பட்டிருந்தது. அவர் காலத்தில் அது எப்படி இருந்தது என்று எனக்குப் பிடிபடவில்லை.

முன்னாள் படைவீரர் நலனைக் கவனிக்கும் அலுவலகத்துக்கு ஒருநாள் அரை நாள் விடுப்பு போட்டுவிட்டுப் போனேன். அங்கே இருந்த பெண் பொறுமையாகப் புத்தகத்தைப் பார்த்தாள். அரைகுறைத் தமிழில் ஆரம்பித்துக் கன்னடத்துக்குப் போனாள்.

"டிஸ்மிஸ் பேரே, டிஸ்சார்ஜ் பேரே மேடம்." இரண்டும் வேறு வேறு என்கிறாள். தண்டனையாக நீக்குவது ஒன்று, விடுவிப்பது இன்னொன்று. அப்பாவை நீக்கவில்லை, விடுவித்திருக்கிறார்கள்.

எனக்கு மூச்சு வந்தது. "அப்ப தப்பு எதுவும் பண்ணலைன்னு வெச்சுக்கலாமா?"

அவள் புத்தகத்தை மூடிக் கையில் கொடுத்தாள். "அப்படியும் சொல்ல முடியாது" என்றாள்.

எங்கள் பேட்டையில் இரண்டு தெரு தள்ளி, தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய ஹனூர்ப் பக்கத்திலிருந்து வந்து வீடு கட்டிய ஒரு ஓய்வுபெற்ற ஹவில்தார் இருக்கிறார். அவரிடம் போனேன். அவர் ராணுவ அலுவலகத்தில் எழுத்தராக இருந்து சுபேதாராக ஓய்வுபெற்ற தன் நண்பரையும் வரச்சொல்லியிருந்தார். கூடத்தில் மின்விசிறிக்குக் கீழே புத்தகத்தை வைத்துக்கொண்டு இருவரும் குனிந்தார்கள்.

ஹவில்தார்தான் முதலில் நிமிர்ந்தார். "சொன்னா வருத்தப்படாதீங் அம்மணி. இது நல்ல வார்த்தை இல்லீங். தண்டனை வாங்குனா சிவப்பு மசியில எழுதுவாங்க. நாலு தடவை ஆச்சுன்னா, இவன் வேலைக்கு ஆகமாட்டான்னு இதே வார்த்தையப் போட்டு அனுப்பிச்சுருவாங்க."

"ஏன்யா அந்தம்மாவைப் பயமுறுத்துற?" என்றார் சுபேதார். "அந்தக் காலத்துல ரிசர்வ்னு ஒண்ணு இருந்துச்சும்மா. கொஞ்ச வருஷம் பட்டாளத்துல வேலை. அப்புறம் வீட்டுக்கு அனுப்பிடுவாங்க, ஆனா பேரு பட்டாளத்துலயே இருக்கும். யுத்தம் வந்தா கூப்பிடுவாங்க. இனிமே கூப்பிடத் தேவையில்லைன்னு ஆனப்புறம் பேரை எடுப்பாங்க. அப்பவும் இந்த வார்த்தை போட்டிருக்கலாம்."

"அப்ப வீட்ல இருந்துக்கிட்டே ராணுவத்துல இருந்தாரா?"

"கணக்குல இருந்தார்."

"சரிங்க, ரிசர்வ்னா ரிசர்வ்னு எழுதோணுமில்ல?" என்றார் ஹவில்தார். "இதுல எங்க எழுதியிருக்குது?"

"எல்லா ஆபீஸ்லயும் ஒரே மாதிரியா எழுதுனாங்க? நான் எழுதியிருக்கேன்யா, எனக்குத் தெரியாதா?"

"நடத்தை நன்றுன்னு போட்டிருக்குதே. அதுக்கு மேல இன்னும் ரெண்டு படி இருக்குதுங் அம்மணி. நன்றுங்கறது சுமாருதான்."

"பாதி பட்டாளத்துக்கு நன்றுதான்யா. உனக்கு என்ன போட்டாங்க?"

ஹவில்தார் உள்ளே திரும்பி, டீ என்ன ஆச்சு என்று குரல் கொடுத்தார். அவர் மனைவி கொண்டுவந்த டீயை மூவரும் குடித்தோம். போனபோது இருந்ததைவிட அதிகக் குழப்பத்தோடு வீட்டுக்கு வந்தேன்.

அப்பாவின் படைப்பிரிவு ஆவணங்களை வைத்திருக்கும் அலுவலகத்துக்கு எழுதிப் போட்டேன். பல மாதம் கழித்துப் பதில் வந்தது; அதற்குள் ஓராண்டு நினைவு நாள் கல் இல்லாமலே கடந்துவிட்டது. ஓய்வூதியம் பெறாதவர்களின் சேவைக் கோப்புகளைக் குறிப்பிட்ட காலம் வரைதான் வைத்திருப்பார்களாம். அப்பாவின் கோப்பு விதிப்படி அழிக்கப்பட்டுவிட்டது. ஒரு பெரிய பதிவேட்டில் ஒரே ஒரு வரி மட்டும் மிச்சம்: சேர்ந்தார், ரிசர்வுக்கு மாற்றப்பட்டார், விடுவிக்கப்பட்டார். சைக்கிள் புதிர் தீர்ந்தது. சுபேதார் சொன்னது சரி. ஆனால் ஏன் விடுவித்தார்கள்? ரிசர்வில் இருந்தவர்களையே குறைத்தார்களா? பயிற்சிக்குக் கூப்பிட்டு இவர் போகாமல் விட்டாரா? சிவப்பு மசி உண்டா, இல்லையா? அந்த ஒற்றை வரியில் எதுவும் இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை, ஸ்ரீரங்கப்பட்டணத்தில் இருக்கும் சித்தப்பா வீட்டுக்குப் பஸ் ஏறினேன். கேட்கவேண்டிய ஆளை முதலிலேயே கேட்டிருக்கலாம் என்று வழியெல்லாம் தோன்றியது. அவர் வாசலில் நெடுஞ்சாலைப் புழுதிக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார்.

"அப்பாவை அனுப்பிட்டாங்கன்னு உங்களுக்கு யாரு சொன்னது சித்தப்பா?"

"யாரு சொல்லணும்? அவரேதான்."

"எப்ப? பெட்டியோட வீட்டுக்கு வந்தப்பவா?"

"இல்லம்மா. வந்தப்ப சந்தோஷமாத்தான் வந்தார். எல்லாருக்கும் ஸ்வெட்டர் வாங்கிட்டு வந்தார். இது ரொம்ப நாள் கழிச்சு. அன்னைக்கு நான் உங்க வீட்டுக்கு வந்திருந்தேன். ஃபேக்டரியில இருந்து வந்தார், தபால்ல ஒரு கவர் வந்திருந்தது. நின்னபடியே படிச்சார். என்னண்ணான்னு கேட்டேன். 'என் சேவை இனிமே தேவையில்லைன்னு எழுதியிருக்காங்கடா'ன்னார். அவ்வளவுதான். அன்னைக்குச் சாப்பிடல. அண்ணிக்கு ஆஸ்பத்திரியில டியூட்டி. அவங்களுக்குத் தெரியாது. யார்கிட்டயும் சொல்லாதன்னார்."

அப்பாவும் என்னைப்போல அந்த ஒரு வரியைத்தான் படித்திருக்கிறார். அவருக்கு விளக்கிச் சொல்ல இரண்டு தெரு தள்ளி ஒரு சுபேதார் இல்லை. கேட்கவும் கூச்சப்பட்டிருப்பார். அல்லது, கேட்கத் தேவையே இல்லாத அளவுக்குக் காரணம் அவருக்குத் தெரிந்திருக்குமோ? இப்படியும் நினைக்கிறேன், அப்படியும் நினைக்கிறேன். தப்புச் செய்து துரத்தப்பட்டவர் ஸ்வெட்டர் வாங்கிக்கொண்டு வரமாட்டார் என்பது மட்டும்தான் என் கையில் இருக்கும் சாட்சி. அதுவும் அவரை ரிசர்வுக்கு அனுப்பிய நாளைப் பற்றிய சாட்சிதான், பிறகு நடந்ததைப் பற்றியது அல்ல.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கேட்டது ஒன்றுதான்.

"அன்னைக்குச் சாப்பிடலைன்னா தம்பி சொன்னார்?"

"ஆமாம்மா."

"என்கிட்ட சொல்லியிருக்கலாம்" என்றாள். பிறகு, "வீரர்னு வேணாம். ராணுவத்தில் பணியாற்றியவர்னு போடச் சொல்லு. அது பொய்யில்லையே?" என்றாள்.

பொய்யில்லை. எங்களுக்கு நிச்சயமாகத் தெரிந்தது அது ஒன்றுதான்.

கல் வைத்த அன்று ஃபாதர் ஜெபம் செய்து முடித்த பிறகு, சித்தப்பா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அந்த எழுத்துகளை மெதுவாகப் படித்தார். வேண்டாம் என்று சொல்லவில்லை. வெயில் ஏறிவிட்டது, அம்மாவை உறவுக்காரர்கள் காருக்குக் கூட்டிப் போனார்கள். சித்தப்பா என் பக்கத்தில் வந்து நின்றார்.

"அந்த ரிசர்வ் சமாச்சாரத்தை இன்னொரு தடவை சொல்லும்மா."

சொன்னேன். பட்டாளத்தில் சில வருடம், வீட்டில் சில வருடம், பெயர் மட்டும் அங்கேயே இருக்கும் என்றேன். கூப்பிட வேண்டியதில்லை என்று ஆனபின் விடுவிப்பார்கள், ஆனால் அதே வார்த்தையை வேறு காரணத்துக்கும் போடுவார்கள் என்று சொல்லும்போதே எனக்கு வார்த்தை தடுமாறியது.

"அப்ப அண்ணன் தப்பு பண்ணலையா?"

"தெரியல சித்தப்பா. பண்ணியிருக்க மாட்டார்னுதான் நினைக்கிறேன்."

"இத்தனை வருஷமா நானும் யார்கிட்டயும் கேக்கல பாரு" என்றார். பிறகு நாங்கள் இருவரும் காரை நோக்கி நடந்தோம்.