கல்யாண வீடியோவும் என் வறண்ட கண்ணும்

முதலில் கண்ணில் மணல் விழுந்த மாதிரி இருந்தது. வடமதுரையிலிருந்து திண்டுக்கல்லுக்குத் தினமும் பஸ்ஸில் வருகிறவன் நான். ஜன்னலோரத் தூசி என்று நினைத்துக் கழுவிவிட்டேன். மறுநாளும் உறுத்தியது. சில நாளில் நீர் வடியத் தொடங்கியது.

பிள்ளைகளே, அப்போது எனக்கு ஒரு ஸ்டுடியோவில் கல்யாண வீடியோ மிக்சிங் வேலை. கேசட்டைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, வேண்டாததை வெட்டி, பாட்டுச் சேர்த்துக் கொடுக்க வேண்டும். அறைக்கு ஜன்னல் கிடையாது. மெஷின் சூடாகக் கூடாதென்று டேபிள் ஃபேன் ஓடும். அந்தக் காற்று என் முகத்திலும் அடிக்கும். முகூர்த்த மாதங்களில் சாப்பிடக்கூட எழுந்திருக்க மாட்டேன்.

முதலாளி எட்டிப் பார்த்தார். "என்னப்பு, பொண்ணைப் பெத்தவனே சும்மா நிக்கிறான், நீ இம்புட்டு அழுகுற?"

"அழுகலைண்ணே, தானா ஊத்துது."

"கீபோர்டுல ஊத்தாமப் பாத்துக்க."

பிறகு அவர் சிரிக்கவில்லை. படம் மங்கலாகத் தெரிந்ததில், தாய்மாமன் மாலை போடும் காட்சியை ஒரு வீடியோவில் வெட்டிவிட்டேன். மாமன் நாலு பேரோடு வந்து நின்றார். "மாமன் இல்லாம நடந்த கல்யாணமாய்யா இது?" கேசட் கையில் இருந்ததால் மறுபடி சேர்த்துக் கொடுத்தோம்.

"கண்ணைக் காட்டிட்டு வா. சரியாகலைனா நான் வேற ஆளுதான் பாக்கணும்" என்றார் முதலாளி. எனக்கு வேறு தொழில் தெரியாது. நீங்கள் அப்போது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தீர்கள்.

கண் டாக்டர் ஒரு பெண். கீழிமைக்குள் சிறு காகிதப் பட்டையைச் செருகி, எவ்வளவு நனைகிறது என்று பார்த்தார். கண் உலர்வு (கண்ணை நனைக்கும் நீர்ப்படலம் குறைந்துபோவது) என்றார்.

"ஊத்துற கண்ணைப் போயி காஞ்ச கண்ணுங்கிறீங்களே டாக்டரம்மா?"

"காஞ்சு உறுத்துறதாலதான் ஊத்துது. அது வழிஞ்சு ஓடிரும். ஒட்டி நிக்கிற ஈரம் உங்களுக்குப் பத்தலை. வேலை பாக்கையில இமைக்கிறீங்களா?"

"அதைப் போயி யாரு கவனிப்பா?"

"கவனிக்காமலே நடக்கணும். உங்களுக்கு அது கொறைஞ்சு போச்சு."

யோசித்துப் பார்த்தேன். பெண்ணும் மாப்பிள்ளையும் கண் மூடியிருக்கும் இடத்தை நீக்குவதுதான் என் வேலையில் பாதி. அந்த நொடி தப்பிவிடக் கூடாதென்று நான் கண்ணை விரித்தே வைத்திருந்தேன்.

செயற்கைக் கண்ணீர் (கண்ணை நனைக்கும் சொட்டு மருந்து) கொடுத்தார். வெதுவெதுப்பான ஈரத்துணியை மூடிய கண்மேல் வைக்கச் சொன்னார். காற்று முகத்தில் படக் கூடாது, திரை கண்ணைவிடச் சற்றுத் தாழ்வாக இருக்க வேண்டும், அடிக்கடி எழுந்து தூரத்தில் பார்க்க வேண்டும். அக்கம்பக்கத்தில் கண்ணுக்கு விளக்கெண்ணெய் விடச் சொல்கிறார்கள் என்றேன். "தயவுசெஞ்சு வேண்டாம்" என்றார்.

வேலைக்குத் திரும்பியபோது ஃபேனைத் திருப்பி வைத்தேன். இமைப்பதுதான் மறந்து மறந்து போனது. சாப்பாடு கொண்டு வந்த உங்கள் அம்மா ஸ்டூலை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். படத்தைப் பார்க்கவில்லை, என்னையே பார்த்தாள்.

"பொண்ணு அழகுல சொக்கிட்டீகளோ? கண்ணைக் கொட்டுங்க."

செத்த நேரம் போனதும் மறுபடி, "கொட்டுங்க."

"ஏம்மா, மிக்சிங் பண்றது அவனா, நீயா?" என்றார் முதலாளி.

"கண்ணு அவருது, கவலை என்னுதுண்ணே."

முகூர்த்தம் ஓயும்வரை தினமும் வந்தாள். உறுத்தல் மெல்லக் குறைந்தது. வேறு ஆள் வரவில்லை.

முழுதாகக் குணமாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். காற்று அடிக்கும் நாளில் மறுபடி எரியும். சொட்டு மருந்து சட்டைப் பையில் இருக்கிறது. கண் என்பது நான் ஏவினால் பார்க்கும் பொருள் என்றிருந்தேன். இப்போது அது பக்கத்தில் இன்னொரு ஆள் போல இருக்கிறது. அதற்குப் பசிக்கும், களைக்கும். அது போதும் என்றால் படத்தை நிறுத்திவிட்டு வாசலுக்கு வந்து மலைக்கோட்டையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். உள்ளே திரையில் தாலி கட்டப் போன கை அப்படியே அந்தரத்தில் நிற்கும். நிற்கட்டும்.