எரிந்துபோன ஸ்டார்ட்டருக்கு ஏன் இந்தக் கிராக்கி?

அப்பாவின் பழைய கார் கிளம்பவில்லை. ஸ்டார்ட்டர் மோட்டாரைக் கழற்றி எடுத்துக்கொண்டு, இன்று காலை எங்கள் மலைக் கிராமத்திலிருந்து பஸ்ஸில் போளூர் இறங்கினேன்.

கார் எலக்ட்ரீஷியன் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை.

"காயில் எரிஞ்சி பூட்ச்சி மேடம். புதுசு போட்டுக்குங்க. பழச இங்கயே வுட்டுட்டுப் போங்க."

"எரிஞ்சத வச்சி நீங்க என்ன பண்ணுவீங்க?"

"இன்னா பண்ணுவாங்க? எடைக்குப் போடுவேன்."

"அத நானே போட்டுக்கிறேன்" என்று எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

பஸ் கிளம்பும் நேரத்தில் மனிதர் ஜன்னலுக்குக் கீழே மூச்சிரைக்க நிற்கிறார்.

"மேடம், புதுச நானே மலைக்கு வந்து மாட்டித் தரேன். கூலிகூட வாணாம். அத மட்டும் குடுத்துட்டுப் போங்க!"

போன மாதம் ஹெட்லைட் பார்க்கக் கூப்பிட்டபோது, மலைக்கெல்லாம் வர முடியாது என்றவர் இவர்.

மோட்டார் இப்போது என் மடியில். அதன்மேல் ஆசைப்படாமல் சோதித்துச் சொல்ல யாராவது இருக்கிறீர்களா?