பகைக்கடையில் இருந்த சிவப்பு ஃப்ளாஸ்க்

காஞ்சியில் எங்கள் தெருவில் எதிரெதிரே இருந்த இரு மருந்துக்கடைகளைப் பகைக்கடைகள் என்றே இன்றும் சொல்கின்றனர். ஒன்று என் சிற்றப்பாவினுடையது. உண்மையை நேரில் கண்டவருள் நான் ஒருத்தியே எஞ்சியிருப்பதால் இதனை எழுதி வைக்கிறேன்.

அந்நாளில் இன்சுலின் எளிதில் கிடைக்காது. சென்னை மொத்த வணிகரின் முகவர் மாதந்தோறும் வந்து கடைகளுக்குப் பங்கிட்டுத் தருவார். அவர் தலை தெரிந்ததும் போர் மூளும். "அந்த ஆளுக்கு அள்ளிக் குடுத்துட்டு எனக்கு மட்டும் இன்னா சார், கிள்ளியா?" என்று சிற்றப்பா குரலெழுப்புவார், எதிர்க்கடைக்காரர் அதற்கு மேல் கத்துவார். தறியோசையே அதில் அமுங்கிப்போகும். இருவர் வாய்க்கும் அஞ்சி, முகவர் இரு கடைகளுக்கும் நிறைவாகவே எழுதிக்கொண்டு போவார்.

எங்களுடன் இருந்த அத்தைக்கு நாள்தோறும் இன்சுலின் ஊசி வேண்டும். ஒருநாள் வீட்டிலிருந்த குப்பி கைதவறி உடைந்தது. சிற்றப்பாவோ பிற மருந்துகள் வாங்கச் சென்னை சென்றிருந்தார். கடை பூட்டிக் கிடந்தது. ஊசி வேளை தவறி அத்தை சுருண்டு படுத்துவிட்டார். வேறு வழியின்றிப் பகைவரிடமே ஓடினேன். என் போதாத வேளை, அங்கே முகவர் அமர்ந்திருந்தார்.

என் வேண்டுகோளைக் கேட்டு எதிர்க்கடைக்காரர் திகைத்தார். பிறகு முகவரை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே, "உங்க சித்தப்பன்தான் பெரிய கடை வெச்சிக்கினு இருக்கானே, அங்க போய்க் கேளும்மா" என்றார்.

அழுதுகொண்டே நடந்தேன். தெருமுனையை அடைவதற்குள் பின்னால் செருப்பொலி கேட்டது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவரே ஓடி வந்தார்; கையில் ஃப்ளாஸ்க்.

"அந்த சார் போயிட்டாரும்மா. ஐஸ் கரையறதுக்குள்ள அத்தைகிட்டக் குடு. நீ அழுததுல ஒரு பெட்டி கூடவே எழுதிக்கினு போனாரு."

மூடி நசுங்கிய அந்தச் சிவப்பு ஃப்ளாஸ்கை நான் அறிவேன். அது சிற்றப்பாவினுடையது. ஊசி போட்டுத் தெளிந்த அத்தையிடம், அந்த ஆள் அதைத் திருடி வைத்திருந்ததாக முறையிட்டேன். அத்தை கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

"நம்ம கடையில ஏதுடி ஃப்ரிட்ஜு? உங்க சித்தப்பன் கடை இன்சுலின் மொத்தமும் அவரு ஃப்ரிட்ஜுலதாண்டி இருக்குது."

அதற்கும் திருட்டுக்கும் என்ன தொடர்பென்று எனக்கு விளங்கவில்லை. இணங்கிய கடைகளுக்கு ஒரு பங்கு, பிணங்கிய கடைகளுக்கு இரண்டு என்னும் கொள்முதல் முறையும் அந்த வயதில் எட்டவில்லை. ஊர் திரும்பிய சிற்றப்பாவிடம் ஃப்ளாஸ்கை மீட்டு வந்த வெற்றியைப் பெருமையுடன் சொன்னேன். அவர் என்னை மெச்சினார். மறுநாளே அதை எதிர்க்கடைக்குக் கொடுத்தனுப்பினார், என் கையிலேயே.

என் நினைவில் பிழை இருப்பின் அறிந்தோர் திருத்துக; பகை என்னும் சொல்லை மட்டும் மீண்டும் சேர்க்க வேண்டா.