சிவப்பு மையில் ஒரு பெயர்

என் மேசை லாச்சிக்குள் இரண்டு விரல் அகலத்தில் ஒரு வெள்ளைத் துணித்துண்டு கிடக்கிறது. அதில் சிவப்பு மையில், கொரிய எழுத்தில் எழுதிய ஒரு பெயர் நேற்றுவரை இருந்தது. எழுதியது நான்தான். அந்த மொழியில் எனக்கு வேறு ஒரு எழுத்தும் தெரியாது. வருடத்துக்கு ஒரு முறை, முதல் பனி கொட்டும் நாளில், அந்தப் பெயரின் மேல் கறுப்பால் எழுதி, வெள்ளை உடுப்புகளோடு மெஷினில் போடுவேன். சிவப்பு போய்க் கறுப்பு நிற்க வேண்டும் என்பது என் ஆசை. ஒவ்வொரு முறையும் கறுப்புத்தான் போகும். "உந்தத் துண்டை இன்னும் எத்தனை தரம் தோய்க்கப் போறியள்? எறியுங்கோவன்" என்பாள் மனுசி. எறிய எனக்குப் பயம். அதைச் சொல்ல வெட்கப்படும் வயதையும் தாண்டிவிட்டேன்.

இரண்டாயிரங்களின் நடுவில் ஒஸ்லோவில் ஒரு உதைபந்தாட்டக் கழகத்தின் உடுப்புத் தோய்க்கும் அறையில் வேலை செய்தேன். பார்வையாளர் மேடைக்குக் கீழே நிலவறை. கண்மட்டத்தில் ஒரு சின்ன யன்னல். அதனூடாக மைதானத்தில் ஓடுகிறவர்களின் கால்கள் மட்டும் தெரியும். முகம் பார்க்காமலே ஆளைச் சொல்லுவேன். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

ஒரு தை மாதம் அந்தப் பெயருக்குரிய கொரியாக்காரர் வந்து சேர்ந்தார். முப்பதை நெருங்கிய வயது. தன் நாட்டு முதற்பிரிவில் ஆடி, கட்டாய இராணுவ சேவைக் காலத்தில் இராணுவ அணிக்கும் ஆடி, பிறகு ஜப்பானில் இரண்டு பருவம் இருந்து, முழங்காலில் இரண்டு முறை கத்தி வைத்த பிறகு இங்கே வந்திருந்தார். ஒப்பந்தம் சித்திரை வரைக்கும்தான். அதற்குள் ஒரு முழு ஆட்டத்தைத் தாக்குப்பிடித்துக் காட்டினால் நீட்டிப்பார்கள். இல்லாவிட்டால் ஊருக்குப் போக வேண்டியதுதான். அந்த முழங்காலை நம்பி வேறு எவரும் எடுக்கமாட்டார்கள். தோய்த்த உடுப்பை மற்றவர்கள் ஒரு கையால் இழுத்துக்கொண்டு போவார்கள். இவர் இரண்டு கையாலும் வாங்கி, தலை குனிந்து, "தக்" என்று நன்றி சொல்லுவார். என்னிடம் கேட்டுக் கேட்டுத்தான் நோர்வேஜிய மொழி பழகினார். அதனால் அவர் வாய் திறந்தால் யாழ்ப்பாணத்து இழுவை வந்தது. பயிற்சியாளர் விழுந்து விழுந்து சிரிப்பார்.

ஒவ்வொரு வீரருக்கும் ஒரு வலைப்பை. வியர்த்த உடுப்பைப் போட்டு, வாயைக் கட்டி, பையோடு தோய்ப்போம். அதில் பெயர்த்துண்டு தைத்திருக்கும். அவருடைய பெயரைக் கழகத்தில் நாலு விதமாக எழுதி, ஐந்து விதமாகக் கூப்பிட்டார்கள். என் பெயரையும் பாதியாக வெட்டின ஆட்கள்தானே. எனக்கு மனம் பொறுக்கவில்லை. அவருடைய சப்பாத்துக்குள் அவர் கைப்பட எழுதியிருந்ததைப் பார்த்து, ஒவ்வொரு கோடாகத் துண்டில் வரைந்தேன். கூறைச்சேலை, குங்குமம் எல்லாம் எங்களுக்குச் சிவப்பு. நல்லதாக இருக்கட்டும் என்று சிவப்பு மார்க்கரை எடுத்தேன். பார்த்ததும் அவருடைய முகம் வெளிறியது. சந்தோசத்தில் பேச்சு வரவில்லை என்று நினைத்தேன். வழக்கத்தைவிடத் தாழக் குனிந்து, இரண்டு கையாலும் பையை வாங்கிக்கொண்டு போனார்.

அடுத்த கிழமை அது தொடங்கியது. நாலு மணிக்கே வெளியே இருட்டு. விளக்குகளின் கீழ் எல்லோரும் பயிற்சியில் இருந்தார்கள். நடைவழியில் யாரோ பூட்ஸோடு வருவது கேட்டது. இடது காலை இழுத்தாலும், கொரியாக்காரரின் நடைதான். என் கதவடியில் வந்து நின்றது. திறந்தேன், ஒருவரும் இல்லை. தரையில் ஈரமும் இல்லை. யன்னலால் பார்த்தால் கொரியாக்காரரின் கால்கள் மைதானத்தில் பிசகில்லாமல் ஓடிக்கொண்டிருந்தன. பிறகு பைகளைத் தூக்கியபோது மற்றவர்களின் உடுப்பில் உடம்புச் சூடு இருந்தது. அவருடையது வியர்வையில் ஊறியிருந்தும் சில்லென்று இருந்தது. நாளுக்கு நாள் அதே நடை, அதே குளிர். தண்ணீர்க் குழாயின் சத்தம் என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன்.

"உமக்கு இடது முழங்கால் நோகுதோ?" என்று ஒருநாள் அவரிடம் கேட்டேன்.

திடுக்கிட்டுப் போனார். "ஆர் சொன்னது?"

நடை சொன்னது என்றேன். எங்கே கேட்ட நடை என்று சொல்லவில்லை. நோவு தொடங்கி இரண்டு கிழமையாம், நோவுக்குக் குளிசை விழுங்கிக்கொண்டு ஓடுகிறாராம். "சித்திரை மட்டும்தான். ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ, அண்ணை." அந்த 'அண்ணை'யையும் என்னிடம்தான் பழகியிருந்தார். ஓம் என்று வாக்குக் கொடுத்தேன். கழக மருத்துவரின் அறை என் அறையிலிருந்து பத்தடி தூரம். ஒவ்வொரு நாளும் அதைத் தாண்டித்தான் வீட்டுக்குப் போனேன்.

சித்திரையில் அந்த ஆட்டம் வந்தது. முடிய இருபது நிமிடம் இருந்தது. ஒருவரும் அவரைத் தொடவில்லை. இடது கால் நின்ற இடத்திலேயே மடங்கியதை யன்னலால் கண்டேன். அதே கணம் நடைவழியில் அந்த நடை வந்து என் கதவடியில் நின்றது. அன்றைக்கு நான் திறக்கவில்லை.

ஊன்றுகோலோடு விடைபெற வந்தபோதுதான் சொன்னார். "எங்கட ஊரில செத்த ஆக்களின்ர பெயரைத்தான் சிவப்பால எழுதுறது."

"ஐயோ, அண்டைக்கே ஏன் சொல்லேல்லை?"

"நாட்டை விட்டு மூண்டு வருசம். என்ர பெயரை என்ர எழுத்தில எழுதினது நீங்கள் ஒராள்தான். எப்பிடிக் கழட்டச் சொல்லுறது?"

துண்டைப் பையிலிருந்து பிரித்து நானே வைத்துக்கொண்டேன். கடிதம் போடுவேன் என்றார். வரவில்லை. கழகத்தில் கேட்டேன், ஒருவருக்கும் தெரியவில்லை. மை செய்த வேலையா, நான் சொன்ன 'ஓம்' செய்த வேலையா? மையைச் சிரித்துத் தள்ளிவிடலாம். அந்த ஓமை என்னால் தள்ள முடியவில்லை.

நேற்று முதல் பனி. வழக்கம்போல் கறுப்பால் எழுதித் தோய்த்தேன். மெஷினைத் திறந்தால் துண்டு வெறும் வெள்ளை. கறுப்பும் இல்லை, சிவப்பும் இல்லை. எத்தனையோ வருடம் போகச் சொல்லி வேண்டின சிவப்பு போனதும் துண்டை வெளிச்சத்தில் பிடித்து அதைத்தான் தேடினேன். அப்போது வெளியே படிக்கட்டில் பூட்ஸ் சத்தம் ஏறி வந்தது. இந்த முறை எந்தக் காலும் இழுபடவில்லை, சீரான நடை. கதவடியில் நின்றது. ஓடிப்போய்த் திறந்தேன். படியில் ஒருவரும் இல்லை.

திரும்பி வந்து கறுப்புப் பேனையை எடுத்தேன். பார்த்து எழுத ஒன்றும் இல்லை, கைக்கே தெரிந்திருந்தது. உயிரோடு இருக்கிறவரின் பெயரை எழுதுவதுபோல், அவருடைய பெயரைக் கறுப்பில் எழுதி லாச்சிக்குள் வைத்தேன். இனி நான் அதைத் தோய்க்கமாட்டேன்.